பூ நிறைகிறது, காய் நிற்கவில்லை: பின்பருவ பிளம்ஸ் மரத்துக்கும் வீட்டு ரம்புட்டானுக்கும் ஒரே பதில்

திருவட்டாரிலிருந்து ஒரு சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் கொடைக்கானலில் குடியேறியவர். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பிளம்ஸ் மரங்கள் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எல்லாம் பறித்து முடிந்த பிறகு கடைசியாகப் பழுக்கும் வகை என்று சொல்லி விற்ற ஒட்டுக்கன்றுகள், ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் வாங்கியவை. ஆறு வயதாகிறது. தை மாதத்தில் கிளை தெரியாத அளவுக்குப் பூக்கின்றன. பட்டாணி அளவு பிஞ்சாகி எல்லாம் கொட்டிவிடுகின்றன. சாணம், பொட்டாஷ், போரான் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. என்ன குறை? இரண்டாவது கேள்வி, அதே மரத்திலிருந்து ஒரு கன்று கட்டிக் கொண்டுவந்து திருவட்டாரில் வைத்தால் காய்க்குமா? மூன்றாவது, வீட்டு விளையில் (தோட்டத்தில்) விதை போட்டு வளர்த்த ரம்புட்டான் ஒன்று மூன்று நான்கு வருடமாகப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை, வெட்டிவிடலாமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வைத்திருப்பது இரண்டு மரமல்ல, மகரந்தக் கணக்கில் ஒரே மரம். அதற்கு உரம் வேண்டியதில்லை, வேறு வகைத் துணை வேண்டும். திருவட்டாரில் பிளம்ஸ் வைக்க வேண்டாம். ரம்புட்டானை வெட்ட வேண்டாம்.

இனி காரணம். நம் குமரி மாவட்டத்தில் ஜாதிக்காய் வைத்திருப்பவர்கள் யாரிடமும் இதை அதிகம் விளக்க வேண்டியிருக்காது. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விடவேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கமான கணக்கு. பிளம்ஸில் ஆண், பெண் என்று தனித்தனி மரம் இல்லை. ஒரே பூவில் இரண்டும் இருக்கின்றன. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவில் இருபது முப்பது மகரந்தத் தாள்கள், அவற்றுக்கு நடுவே பச்சையாக ஒரே ஒரு சூல்தண்டு, அதன் அடியில் கடுகளவு சூற்பை. எல்லா உறுப்பும் குறையில்லாமல் இருக்கிறது. ஆனால் அதே மரத்து மகரந்தம் அந்தத் தண்டின் நுனியான சூல்முடியில் விழுந்தால், அது முளைத்து, மெல்லிய குழாயாக நீண்டு, தண்டுக்குள் கொஞ்ச தூரம் இறங்கியதும் நின்றுவிடுகிறது. தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு அதன் வளர்ச்சியை முடக்கும் ஒரு நொதி சூல்தண்டிலேயே இருக்கிறது. வேற்று வகையின் மகரந்தம் வந்தால் அந்தத் தடை கிடையாது. குழாய் அடிவரை இறங்கிச் சூலைச் சேர்கிறது, விதை உருவாகிறது, விதை உருவானால்தான் காய் மரத்தில் நிற்கும்.

நம் மலைகளில் வளர்வதில் பெரும்பகுதி ஜப்பானிய பிளம்ஸ். அதில் பெரும்பாலான வகைகள் இந்தத் தன்மறுப்பு உள்ளவை. ஒட்டுக்கன்று என்பது தாய்மரத்தின் கிளையே வேறொரு வேரின் மேல் நிற்பது. ஒரே வகையில் இரண்டு கன்று வாங்கினாலும் இருபது கன்று வாங்கினாலும் மகரந்தம் ஒன்றுதான். ஒன்றின் பூத்தூள் மற்றொன்றுக்குப் போனாலும் அது தன் தூளே. அண்ணன் இத்தனை நாள் உரத்தில் தேடிய குறை இங்கேதான் இருந்திருக்கிறது.

இதை ஊகமாக விட வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை பிஞ்சு கொட்டும்போது கீழே கிடப்பதில் ஒரு கைப்பிடி பொறுக்கி, கூரான பிளேடால் நெடுக இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே விதையிருக்க வேண்டிய இடம் பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால், கரு உருவாகவில்லை என்று பொருள், மகரந்தக் குறை. உள்ளே புழுவோ அதன் எச்சமோ இருந்தால் பூச்சி. விதை வெள்ளையாகத் திரண்டு நன்றாக இருந்தும், பூ முடிந்து நெடுநாள் கழித்துக் காய் விழுகிறது என்றால் மரம் தாங்கமுடியாத சுமையை உதறுகிறது, அல்லது தண்ணீர் தட்டுப்பாடு. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிளந்து பார்க்காமல் போரான் வாங்குவது பணத்தைத் தூவுவதுதான்.

துணை மரம் தேடும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பின்பருவ மரத்துக்குப் பின்பருவத் துணைதான் வேண்டும் என்று நினைத்து, தாமதமாகப் பழுக்கும் இன்னொரு வகையைத் தேடி அலைகிறார்கள். பழுக்கும் காலத்துக்கும் பூக்கும் காலத்துக்கும் அப்படி நேரடித் தொடர்பு கிடையாது. பூவிலிருந்து பழம் வரை எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பது வகைக்கு வகை மாறும். முன்னதாகவே பூத்துவிட்டு, நிதானமாகக் காயை வளர்த்துக் கடைசியாகப் பழுக்கும் வகைகள் இருக்கின்றன. 1870-இல் ஜப்பானிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்ப் பெயர் பெற்ற கெல்சி அப்படிப்பட்டது. சீக்கிரம் பூக்கும், தாமதமாகப் பழுக்கும். அதற்குத் துணையாக, தாமதமாகப் பூக்கும் ஒரு மரத்தை வைத்தால் ஒன்றின் பூ உதிர்ந்தபின் மற்றதன் பூ விரியும். இரண்டும் பூத்தும் பயனில்லை. ஆகவே துணையைப் பூவின் தேதி பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பழத்தின் தேதி பார்த்தல்ல. முன்பருவத்தில் பழுக்கிற வகை ஒன்று உங்கள் மரத்தோடு ஒரே வாரத்தில் பூக்கிறது என்றால் அதுவே சரியான துணை. கூடுதல் லாபம், வீட்டில் பழம் முன்னும் பின்னுமாக நீண்ட நாள் கிடைக்கும்.

இதற்கு அண்ணன் செய்யவேண்டிய வேலை எளியது. வரும் தை மாதம் தன் மரத்தில் முதல் பூ விரிந்த தேதி, பாதிக்கு மேல் விரிந்த தேதி, இதழ் கொட்டிய தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அதே நாட்களில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எந்தெந்த மரம் பூத்து நிற்கிறது, அதன் பழம் எப்படி இருக்கும் என்று உரிமையாளரிடம் கேட்டு அதையும் எழுதட்டும். வகையின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. மலையில் பாதிப் பேருக்குத் தங்கள் மரத்தின் பெயர் தெரியாது. பழத்தின் தோல் நிறமும் சதையின் நிறமும் இவர் வாங்கிய வகையின் பழத்திலிருந்து வேறுபட்டால் அது வேறு வகைதான். பெயர் பார்த்து வாங்கும் நிலை இருந்தால் சான்டா ரோசாவைச் சொல்வேன். அமெரிக்காவில் புதுப் பழவகைகளை உருவாக்கிய லூதர் பர்பேங்க் 1906-இல் வெளியிட்ட வகை. ஓரளவுக்குத் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், மற்ற ஜப்பானிய வகைகளுக்கும் நல்ல துணை. பூக்கும் நாள் பொருந்துகிறதா என்பதை மட்டும் அதற்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய பிளம்ஸ் என்று வேறொரு இனம் இருக்கிறது. உலர்த்திப் பெட்டியில் விற்கிறார்களே, கறுப்பாக, அந்தப் பழத்தின் இனம். அதற்கு 48 குரோமோசோம், ஜப்பானியதற்கு 16. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகாது. பக்கத்தில் பீச் மரம் பூத்து நிற்பதை நம்பியும் பிளம்ஸ் வைக்க முடியாது.

துணை மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. புதுக்கன்று நடுவது நிலையான வழி. ஆனால் அது பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். நட்டால் பதினைந்து மீட்டருக்குள் நடுங்கள், இடையில் வீடோ அடர்ந்த வேலியோ மறைக்காமல் இருக்கட்டும்.

உடனடி வழி பூங்கொத்து. பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு, பாதிப் பூ விரிந்தும் பாதி மொட்டாகவும் இருக்கும் கிளைகளை விடியற்காலையில் வெட்டி, தண்ணீர் நிரப்பிய வாளியில் உடனே நிறுத்தி, உங்கள் மரத்தின் அடியிலோ கிளைக்கவட்டிலோ கட்டிவைக்க வேண்டும். தேனீ வாளியிலும் மரத்திலுமாக மாறி மாறி உட்காரும்போது வேலை நடந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரையும் கிளையையும் மாற்றவேண்டும். வீட்டில் ஒரே மரம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆனியில் ஒரு கூடைப் பழம் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழி மூன்றாவது: மரத்திலேயே வேறு வகையின் ஒரு கிளையை ஒட்டுக்கட்டுவது. இடம் அடைபடாது, பூக்கவும் நீண்ட நாள் ஆகாது. மரம் இலையுதிர்ந்து உறங்கும்போது, மொட்டு வீங்குவதற்கு முன், துணை மரத்தில் சென்ற வருடம் வளர்ந்த பென்சில் கனக் குச்சியை வெட்டி எடுத்து, உங்கள் மரத்தின் வெயில் படும் மேல்கிளை ஒன்றை வெட்டி, வெட்டுமுனையைப் பிளந்து, அதில் செருகிப் பிளவு ஒட்டாகக் கட்டுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை அடுக்கு இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். குச்சி மெலிதாகவும் கிளை தடிமனாகவும் இருந்தால் ஒரு ஓரத்தையாவது சரியாகச் சேர்த்துக் கட்டுங்கள். பாலித்தீன் நாடாவால் காற்றுப் புகாமல் சுற்றி, குச்சியின் நுனியை மெழுகால் மூடுங்கள். ஒட்டுப் பிடித்துக் கிளையானதும் அதன் அடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். கவாத்துக்கு வரும் ஆள், தப்பித் தழைத்த கிளை என்று நினைத்து முதலில் அதைத்தான் வெட்டுவார். பல தோட்டங்களில் நன்றாகக் காய்த்த மரம் திடீரென நின்றுபோனதற்குக் காரணம் இப்படித் துணைக்கிளையை இழந்ததுதான்.

மகரந்தம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுமப்பவர் வேண்டும். பிளம்ஸ் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து பயன்படுவதில்லை. தேனீதான் அதன் வாகனம். இந்த விஷயத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியது குறைவு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து பெட்டித் தேனீ நம் வீடுகளில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் அந்தத் தொடர்ச்சியில் வந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாகப் பெட்டிகள் காலியானபோது, தேனை இழந்த கவலையில் பலர் காய்ப்புக் குறைந்ததைக் கவனிக்கவில்லை. எஞ்சிய கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கிக் கொண்டுவந்தவர்கள் இந்த மாவட்டத்துத் தேனீ வளர்ப்பவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கொடைக்கானல் மரத்துக்கு வருவோம். அங்கே தை மாதம் காலையில் பனி, குளிர். நல்ல வெயில் ஏறிய பிறகுதான் தேனீ வெளியே வரும். ஆனாலும் இந்தியத் தேனீ மேற்கத்திய இனத்தைவிடக் குளிரைத் தாங்கி முன்னதாகவே புறப்படும். அண்ணன் ஒரு பெட்டி வைக்கட்டும், ஆனால் நம் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டாம், மலையிலேயே பிடித்த கூட்டத்தை வாங்கட்டும். அந்தக் குளிருக்குப் பழகியது அதுதான். பெட்டியைக் காலை வெயில் முதலில் படும் இடத்தில், காற்று முகத்தில் அடிக்காதபடி வைக்க வேண்டும். வெளியிலிருந்து பெட்டி கொண்டுவருவதாக இருந்தால், மரத்தில் கொஞ்சம் பூ விரிந்த பிறகு கொண்டுவாருங்கள். முன்னதாகவே வைத்தால் தேனீ வேறு பூவைப் பழகிக்கொண்டு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். பூக்காலத்தில் பூச்சிமருந்து எதுவும் அடிக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கோ காரட்டுக்கோ மருந்தடிப்பதாக இருந்தால், சாயங்காலம் தேனீ கூடடைந்த பிறகு அடிக்கும்படி தன்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள்.

பூத்த வாரம் முழுக்க மழையும் மூடுபனியுமாகப் போனால் கையால் செய்யலாம். துணை மரத்தின் விரியப்போகும் மொட்டுகளைப் பறித்து, மகரந்தப் பைகளை மட்டும் உதிர்த்து, வீட்டுக்குள் ஒரு தாளில் இரவு முழுக்க உலரவிட்டால் மஞ்சள் தூள் கொட்டும். ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையில் அதைத் தொட்டு, புதிதாக விரிந்த பூக்களின் நடுத்தண்டு நுனியில் தடவினால் போதும். எல்லாப் பூவுக்கும் செய்ய வேண்டியதில்லை. அவ்வளவு பூவும் காயானால் மரம் முறிந்துவிடும்.

காய் பிடித்துவிட்டால் பின்பருவ மரத்துக்கு ஒரு தனித் தொல்லை தொடங்குகிறது, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். காய் நெடுநாள் மரத்திலேயே இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான பூமொட்டு இந்தக் கோடையிலேயே கிளையில் உருவாகிறது. சுமை அதிகமாக, நெடுநாள் தொங்கினால் அந்த மொட்டுக்குச் சத்து போய்ச் சேராது. ஒரு வருடம் கொட்டக்கொட்டக் காய்த்து மறுவருடம் வெறுங்கிளையாக நிற்பது அதனால்தான். ஆகவே பிஞ்சு நெல்லிக்காய் அளவாகும்போதே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கலைத்துவிட வேண்டும். காய்க்குக் காய் நான்கு அங்குல இடைவெளி இருக்கட்டும். மிஞ்சிய காய் பெரிதாகும், இனிப்பும் ஏறும். பழுக்கும் நேரத்தில் தென்மேற்கு மழையின் சாரல் வந்து சேரும், பழ ஈயும் அப்போது பெருகியிருக்கும். முன்பருவ வகைகள் இதில் தப்பித்துக்கொள்ளும், பின்பருவ வகை மாட்டிக்கொள்ளும். உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், ஈப்பொறி கட்டுங்கள். நன்றாக நிறம் ஏறி, காம்புப் பக்கம் விரலுக்கு லேசாக இளகியதும் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்க வைத்துக்கொள்ளலாம். மரத்திலேயே முழுக்கக் கனியட்டும் என்று காத்திருந்தால் ஈக்கும் மழைக்கும்தான் அது போய்ச் சேரும்.

இரண்டாவது கேள்வி, திருவட்டாரில் பிளம்ஸ். கன்று பிழைக்கும். இலை விடும். நன்றாகவே வளரவும் கூடும். காய்க்காது. பிளம்ஸ் மரத்தின் மொட்டு உறக்கம் கலைந்து பூவாவதற்குக் குளிர்காலத்தில் சுமார் ஏழு டிகிரிக்குக் கீழான குளிர் நூற்றுக்கணக்கான மணிநேரம் கிடைக்க வேண்டும். குறைந்த குளிர் போதும் என்று உருவாக்கிய வகைகளுக்கும் நூறு இருநூறு மணிநேரமாவது தேவை. நம் சமவெளியில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு மணிநேரக் கணக்குக்கூடத் தேறாது. ஐஸ்கட்டியை வேரில் கொட்டினால் பூக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குளிரை உணர வேண்டியது மொட்டு, வேரல்ல. எல்லா ஊரிலும் காய்க்கும் என்று சொல்லி பிளம்ஸ், ஆப்பிள் கன்றுகளை வண்டியில் வைத்து விற்பவர்களிடம் நம் ஊர்க்காரர்கள் பணம் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கிறது. அந்தக் குழியில் வேறு எத்தனையோ நல்ல மரம் நின்றிருக்கும்.

இனி உங்கள் ரம்புட்டான். மூன்று கேள்விகளில் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதுதான் பெரியது.

விதையில் முளைத்த ரம்புட்டானில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும். அது வருடா வருடம் பூக்கும், ஒருநாளும் காய்க்காது. உங்கள் மரம் அப்படிப்பட்டதா என்று அறிய, வரும் மாசியில் பூ விரிந்ததும் காலை ஏழு எட்டு மணிக்கு ஒரு கொத்தை வளைத்துப் பாருங்கள். இதழ் இருக்காது, பச்சையும் மஞ்சளும் கலந்த மிகச் சிறிய பூ. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு, விரலால் தொட்டால் தூள் ஒட்டினால், நடுவில் சூற்பை என்று சொல்லும்படி எதுவும் இல்லையென்றால் அது ஆண். நடுவில் மெல்லிய மயிரோடு இரட்டைக் குமிழாக ஒரு சூற்பையும், அதன் மேல் இரண்டாகப் பிரிந்து வளைந்த சூல்முடியும் தெரிந்தால் காய்க்கக்கூடிய மரம். ரம்புட்டான் பழத்தின் காம்படியில் மிளகளவு ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரட்டைக் குமிழில் வளராமல் நின்றுபோன மற்றொன்று அது.

காய்க்கும் மரத்துப் பூவிலும் மகரந்தத் தாள்கள் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பை வெடிக்காது, தூள் வெளியே வராது. சில நூறு பூவில் ஒன்றிரண்டு பூக்கள் ஆணாகச் செயல்படும். சந்தையில் கிடைக்கும் என்-18 போன்ற ஒட்டு வகைகள் அதை வைத்துக்கொண்டே ஓரளவு காய்க்கின்றன. ஆனால் பக்கத்தில் ஆண் பூ இருந்தால் காய்ப்பும் கூடும், சதை இல்லாத பதர்க்காயும் குறையும். பத்துச் சென்ட்டில் ஒட்டு ரம்புட்டான் வைத்திருக்கும் உங்கள் அக்கம்பக்கத்தார் நன்றாகக் காய்க்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பதற்கு உங்கள் விளையில் நிற்கும் இந்த ஆண் மரமே காரணமாக இருக்கலாம். அதனால்தான் வெட்ட வேண்டாம் என்றேன்.

ஆண் மரம் என்று தெரிந்துவிட்டால், செய்யவேண்டியது மேல்மாற்று ஒட்டு: அடிமரத்தை வைத்துக்கொண்டு மேல்கிளைகளை மட்டும் நல்ல வகையாக மாற்றுவது. மரத்தை இடுப்பளவு உயரத்தில் ஒரேயடியாக வெட்டாமல், ஒரு நல்ல கிளையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைக் குறைத்து வெட்டுங்கள். அந்த ஒரு கிளை மரத்துக்கு உணவு செய்துகொடுக்கும், நாளைக்கு ஆண் பூவும் கொடுக்கும். வெட்டிய இடங்களில் துளிர்க்கும் கிளைகளில் திடமானவை மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அவை பென்சில் கனத்தைத் தாண்டிப் பட்டை கழன்று வரும் பக்குவத்துக்கு வந்ததும், தெரிந்த நல்ல மரத்தின் மொட்டை அவற்றில் பதியவைக்க வேண்டும். ரப்பர் நாற்றங்காலில் பட்டிங் செய்கிறவர் உங்கள் ஊரிலேயே இருப்பார். செவ்வகமாகப் பட்டையோடு மொட்டை எடுத்துப் பதித்து நாடாவால் சுற்றும் அதே கைவேலைதான் இதற்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது செய்யாதீர்கள், கட்டுக்குள் தண்ணீர் இறங்கி அழுகிவிடும். மழை ஓய்ந்து மரம் துளிர்க்கும் இடைவெளியில் செய்யுங்கள். புது மரம் நடுவதைவிட இது வேகமாகப் பலன் தரும், ஏனென்றால் அடியில் இருப்பது வேரூன்றிய பெரிய மரம்.

தேனீயைப் பற்றி இங்கேயும் ஒரு சொல். ரம்புட்டான் பூக்கும் மாசி, பங்குனியில்தான் ரப்பர் தளிர்க்கிறது. ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதல்ல, தளிர் இலைக்காம்பின் சுரப்பிகளிலிருந்து வருகிறது. பெட்டித் தேனீ அந்தப் பெருக்கில் மூழ்கிவிடும். ஆனால் ரப்பர் தளிர் தேனைத் தருமே தவிர மகரந்தத்தைத் தராது. குஞ்சுகளுக்கு மகரந்த உணவு வேண்டும், அதற்காகத் தேனீ ஆண் ரம்புட்டான் கொத்துக்கு வந்தே தீரும். அங்கே நின்றுபோகிற தேனீ பக்கத்துப் பெண் கொத்தின் தேனுக்கும் போகும். ஆண் கிளையை மரத்திலேயே விடச் சொன்னதற்கு இதுவும் காரணம். கூடவே வீட்டுச் சுவரில் ஒரு கொசுத்தேனீக் கூடு வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் குழாயோ மண்கலமோ போதும். கொசுத்தேனீ தொலைவு போகாது, வீட்டைச் சுற்றியே மேயும். சின்னப் பூக்களில் அது செய்கிற வேலை பெரியது.

பூக்க வைப்பதற்கு மாசிக்கு முன் மூன்று நான்கு வாரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். அந்த வறட்சிதான் ரம்புட்டானைப் பூக்கத் தூண்டுகிறது. கொத்து வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு தண்ணீர் தொடங்கி, காய் முற்றும் வரை விடாமல் கொடுங்கள். பூத்த பிறகும் காயவிட்டால் பிஞ்சு நிற்காது. ஆனி, ஆடியில் பழுக்கத் தொடங்கியதும் வௌவால் வரும். வலை போட்டால் நைலான் மீன்வலையைத் தளர்வாகத் தொங்கவிடாதீர்கள், பறவையும் வௌவாலும் சிக்கிச் செத்துப்போகும். கண்ணி சிறியதாக உள்ள வலையை இழுத்துக் கட்டுங்கள். பறித்தபின் ரம்புட்டான் பழுக்காது, ஆகவே நிறம் முழுதாக ஏறியதைத்தான் பறிக்க வேண்டும். பிளம்ஸுக்கு நான் சொன்னதற்கு இது நேர்மாறு.

பிளம்ஸ் வைக்க நினைத்திருந்த குழி காலியாக இருக்கிறதல்லவா? அங்கே ஒரு மாங்கோஸ்டீன் வையுங்கள். இவ்வளவு நேரம் பேசிய துணைத் தொல்லை எதுவும் அதற்குக் கிடையாது. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகிறது. எந்த விதைக்கன்றும் தாயைப்போலவே காய்க்கும், ஒற்றை மரம் போதும். காய்க்க ஏழு முதல் பத்து வருடம் பொறுக்க வேண்டும் என்பது உண்மை. முதல் இரண்டு மூன்று வருடம் நிழல் கேட்கும், வாழைக்கு நடுவே நட்டால் அதுவும் தீர்ந்தது. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கன்று இருக்கிறதா என்று மழைக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ரம்புட்டானுக்கு நல்ல மொட்டு எந்த மரத்தில் எடுக்கலாம் என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம். மொட்டு எடுப்பதற்கு முன் அந்த மரத்தின் பழத்தை ஒருமுறை தின்று பாருங்கள். சதை கொட்டையை விட்டுக் கழன்று வருகிறதா, கொட்டையின் தோலும் சேர்ந்து உரிகிறதா என்று கவனியுங்கள். இனிப்பு எல்லா மரத்திலும் இருக்கும். சதை சுத்தமாகக் கழன்று வரும் மரத்தின் மொட்டைத்தான் நான் எடுப்பேன்.